விரல் போகும் பக்கம்

சிவப்பு வேண்டாம் என்றார் போனில்.
மஞ்சள் வேண்டாம். வெள்ளை வேண்டவே வேண்டாம்.
அஞ்செட்டியிலிருந்து பேசுகிறார், பேர் கெம்பண்ணா.
கெம்பு என்றால் கன்னடத்தில் சிவப்புதானே?
சிரித்தார்.
"என்னை அதுங்களுக்குப் பழகிடுச்சு சார்,
உங்களை இன்னும் பழகல."

பீரோவைத் திறந்தால் எல்லாமே சத்தம் போடும் துணிகள்.
மச்சினன் கல்யாணத்துக்குத் தைத்த சந்தனநிறம்,
முதுகில் பட்டை மின்னும் கம்பெனி ஆரஞ்சு.
அடியில் கிடந்தது பட்டறையில் போட்ட சாம்பல் சட்டை.
எத்தனை முறை துவைத்தும்
தையலுக்குள் கல்மாவு.
"இதையா போட்டுக்கப் போற?"
முனிலட்சுமி மூக்கைச் சுளித்தாள்.

வாசனை சோப்பு கூடாது.
சாவிக்கொத்து கூடாது.
பிஸ்கட்டை வீட்டிலேயே பிரித்துத்
துணியில் முடிந்து வரணும், காகிதம் மொறமொறக்குமாம்.
பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகணும், உண்ணி ஏறும்.
யானை வந்தா?
"நான் ஓடினா ஓடுங்க. நான் நின்னா நில்லுங்க."

பைனாகுலர் ஓசூரில் வாங்கிய ரெண்டாம் கை.
இடது கண்ணாடிக்குள் பூஞ்சைப் புள்ளி ஒன்று
எங்கே திருப்பினாலும் கூடவே வருகிறது.
மொட்டைமாடியில் மூன்று சாயங்காலம் பழகினேன்.
முதல் நாள் என் இமைமயிரைத்தான் பார்த்தேன்.
மறுநாள் சையத் பாஷா மலையில்
ஒரு வெள்ளாடு, அதன் தாடிவரை.
மூன்றாம் நாள் எதிர்வீட்டு டிஷ் மேல் கரிச்சான்.
பிளந்த வாலின் ஒரு கிளை பாதியில் முறிந்திருந்தது.
தினமும் அங்கேதான் உட்காருமாம்;
முனிலட்சுமிக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு கெம்பண்ணா குரல்களை அனுப்பினார்,
நாற்பது பறவைகள்.
"கேட்டுப் பழகுங்க சார்,
பாதிப் பறவை காதுக்குத்தான் கிடைக்கும்."

செண்பகம் கேட்டது. மயில் கேட்டது.
மீன்பிடி ஆந்தை, ஓட்டைக் குடத்தில் ஊதுவதுபோல் கேட்டது.
பதினேழாவதில் கோடு மட்டும் நகர்ந்தது.
அறையில் ஒன்றுமில்லை.
ஃபைல் கெட்டுவிட்டது என்று சத்தத்தைக் கூட்டினேன்,
இன்னும் கூட்டினேன்.
சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்
காதைப் பொத்திக்கொண்டு.

பத்தொன்பது வருஷம் பர்கூர் ரோட்டில் கல் அறுத்தவன் நான்.
ரம்பத்துக்கும் எனக்கும் நடுவே தண்ணீர் மட்டும்.
பஞ்சு கொடுத்தார்கள்,
வைத்துக்கொண்டால் மேஸ்திரி கூப்பிடுவது கேட்காது.
பெரியாஸ்பத்திரியில் படம் வரைந்து காட்டினார் டாக்டர்:
கோடு நேராக நடந்து வந்து
குவாரி விளிம்பில்போல்
சட்டென்று கீழே.

ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட்டேன்.
வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்கண்ணா,
முன்பணம் இருக்கட்டும், என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை அவர்,
அல்லது எனக்குக் கேட்கவில்லை.

"காது நான் கொண்டாறேன்.
நீங்க கண்ணை மட்டும் கொண்டாங்க.
பாடினா விரலைத் தூக்குவேன்,
விரல் போற பக்கம் பாருங்க."

என்ன வேலை என்று அப்புறம்தான் கேட்டார்.
சொன்னேன்.
"அப்ப பாறை தெரியும் உங்களுக்கு!
மஞ்சள்தொண்டைச் சின்னான் பாறையிலதான் குந்தும்.
விடியறப்ப எது முதல்ல சூடாகும்னு
நீங்க எனக்குச் சொல்லுங்க."

தெரியும்.
கறுப்பு வரி ஓடுவது,
கிழக்கே சாய்ந்தது,
அடியில் பிளந்து தாய்ப்பாறையை விட்டது.
அப்படிப்பட்டதைத்தான் முதலில் தேர்ந்தெடுப்போம்.
இருபது மில்லி கனத்தில் எத்தனை சமையல் மேடை,
எந்த ஊரில், யார் வீட்டில்.
அதை நான் சொல்லவில்லை.

மூணு மணிக்கு அலாரம், தலையணைக்கடியில் அதிரும்படி.
சாம்பல் சட்டை ஆணியில்.
முனிலட்சுமி கேழ்வரகு மாவுக் கையோடு வந்து உட்கார்ந்தாள்.
போனை எடுத்துப் பதினேழாவதை அழுத்தினாள்.
ஒரு விரலைத் தூக்கினாள்.

மாவு ஒட்டிய விரல்
கொஞ்சம் நடுங்கியது, இறங்கியது, மறுபடி ஏறியது.
"இப்ப பாடுது.
இப்ப இழுக்குது.
இரு இரு...
நின்னுடுச்சு."

இன்னொரு தடவை, என்றேன்.